வெடிக்காத அறை

'எக்ஸ்ப்ளோஷன் ப்ரூஃப்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று சில நாட்கள் யோசித்துக்கொண்டிருந்தேன். வெடிக்காதது என்றால் பொய். வெடிப்பைத் தடுப்பது என்றால் பாதிப் பொய். நம் ஊர் ஆலைகளில் 'ஃப்ளேம்ப்ரூஃப்' என்று புழங்கும் அந்தத் தடித்த வார்ப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை வடிவமைத்தவர் வெடிப்பு நடக்கும் என்றே கணக்கிட்டிருக்கிறார் என்பது. எரியக்கூடிய ஆவி எப்படியும் பெட்டிக்குள் நுழையும். உள்ளிருக்கும் ஸ்விட்சின் பொறியில் பற்றிக்கொள்ளும். பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு வெடிப்பு நிகழும். கனத்த சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும். மூடியும் உடலும் சேருமிடத்தில் அகலமாகவும் மிக மெல்லியதாகவும் விடப்பட்டிருக்கும் உலோக இடுக்கின் வழியே வெளியேறும் சூடான வாயு, வெளியே வந்து சேர்வதற்குள் குளிர்ந்து, அங்கே காத்திருக்கும் ஆவியைக் கொளுத்தும் வலுவை இழந்துவிடும். ஆகவே அது வெடிதாங்கி. இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு நண்பர். சத்தியமங்கலம் பக்கம் பூ வாங்கி, மல்லிகைச் சாரம் எடுக்கும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்க முனைந்திருந்தார். பூவைக் கலத்தில் நிரப்பி ஹெக்சேனில் ஊறவைத்து, அந்தக் கரைப்பானை ஆவியாக்கி மீட்டுக்கொண்டால், மெழுகு போன்ற ஒரு பொருள் மிஞ்சும். அதற்குத் தொழிலில் 'கான்கிரீட்' என்று பெயர். வீடு கட்டும் கான்கிரீட்டுக்கும் இதற்கும் உறவில்லை. ஆயிரம் கிலோ ஜாதிமல்லிக்குச் சுமார் மூன்று கிலோ தேறும். அதைச் சாராயத்தில் கழுவினால் வாசனைத் தொழிலுக்கு வேண்டிய தூய சாரம் கிடைக்கும். இந்த வேலைகளையெல்லாம் ஒரு தனி அறைக்குள் வைத்துச் செய்ய விரும்பினார். இரண்டு நிறுவனங்களிடமிருந்து விலைப்புள்ளி வாங்கி வைத்துக்கொண்டு, எதை எடுக்கலாம் என்று என்னைக் கேட்டார். சுத்திகரிப்பு ஆலைகளில் கருவிகளோடு நெடுங்காலம் கழித்தவன் என்பதால் கேட்டார் போலும்.

இரண்டு விவரக்குறிப்புகளும் பெரிய எழுத்தில் அந்தச் சொல்லைத்தான் சொல்லின. ஆனால் தகட்டால் செய்த எந்த அறையும் வெடிதாங்கி ஆகாது. ஒரு ஸ்விட்ச் பெட்டிக்குள் நிகழும் வெடிப்பைத் தாங்க விரல் கனத்துக்கு உலோகம் தேவைப்படுகிறது. கண்ணாடிக் கதவும் எஃகுத் தகட்டுச் சுவரும் கொண்ட அறை, உள்ளே வெடித்தால் ஓடு ஓடாகப் பறக்கும். அந்த அறை விற்பது வேறொன்றை: காற்றை. உள்ளே ஆவி தேங்காமல் ஓயாது இழுத்து வெளியேற்றும் விசிறி, அந்த விசிறி நின்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தும் ஏற்பாடு, ஆவியை முகர்ந்து எச்சரிக்கும் உணர்கருவி, பொறி வெளியே தப்பாத விளக்கும் மோட்டாரும். இவைதான் அறை. சுவர் வெறும் வேலி.

காற்று எவ்வளவு வேண்டும் என்பதைச் சிறு கணக்கு சொல்லிவிடும். ஒரு லிட்டர் ஹெக்சேன் தரையில் கொட்டி முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 190 லிட்டர் ஆவி. காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே அது பற்றக்கூடியது. அதாவது ஒரு லிட்டர் போதும், 17 கன மீட்டர் காற்றை வெடிமருந்தாக்க. நண்பரின் அறை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், உயரம் 2.7, மொத்தமே 24 கன மீட்டர்தான். ஒன்றரை லிட்டர் கொட்டினால் அறை முழுவதும் ஆயத்தம். பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டாம்; நைலான் துணி உடுத்தியவர் இரும்பைத் தொடும்போது விரலில் சுரீரென்கிறதே, அது தாராளம். இந்த ஆவி காற்றைப்போல் மூன்று மடங்கு கனமானது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது மேலே போகாது. தரையோடு தண்ணீரைப்போல் ஓடிப் பள்ளம் தேடும். 1981ஆம் ஆண்டு பிப்ரவரி 13 அதிகாலையில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் இப்படித்தான் ஆயிற்று. சோயா எண்ணெய் ஆலையொன்றிலிருந்து கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கிய ஹெக்சேன், தெருக்களுக்கு அடியில் பரவிக் கிடந்தது. மேலே சென்ற கார் ஒன்றின் பொறி போதுமானதாக இருந்தது. இரண்டு மைல்களுக்கும் மேல் சாலைகள் பிளந்தன. உயிரிழப்பு இல்லை என்பது அந்த நேரத்தின் தயவு.

முதல் விலைப்புள்ளியில் உறிஞ்சுவாய் கூரையில் இருந்தது. பார்க்க அழகான படம். இரண்டாவதில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். அதன் படம் கோழிப் பண்ணைக் கொட்டகை போல இருந்தது.

நான் கேட்டவற்றில் பலவும் வறட்டுக் கேள்விகள். விளக்கும் மோட்டாரும் எந்த வெப்ப வகுப்பு? ஹெக்சேன் சுமார் 225 பாகையில் தானே தீப்பற்றும். ஆகவே மேற்பரப்பு 200 பாகையைத் தாண்டாத 'டி3' வகுப்பு வேண்டும். சான்றிதழ் நம் நாட்டில் பெசோ ஏற்பதா, அல்லது அமெரிக்க வகைப்பாட்டை ஐரோப்பியப் பெயரில் எழுதியிருக்கிறார்களா? மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு முதல் நிறுவனத்துக்காரர், "எல்லாமே தானா நின்னுடும் சார்" என்று பெருமையாகச் சொன்னார். அதுதான் அச்சம். மின்சாரம் நின்றால் விசிறி நிற்கும், குளிர்நீர் நிற்கும். நீராவியால் சூடான கலத்துக்குள் கொதிப்பு மட்டும் நிற்காது. அப்போது ஆவி போக்குக்குழாய் வழியே வெளிவரும், இழுக்கக் காற்று இருக்காது. விசிறியும் குளிர்நீரும் ஜெனரேட்டரில் இருக்க வேண்டும். ஜெனரேட்டரோ பொறி உண்டாக்கும் இயந்திரம், ஆகவே அது தொலைவில் இருக்க வேண்டும். நம் மின்தடைகளை அறியாதவர் வரைந்த அறை அது.

வெடிதாங்கிப் பெட்டிகளைப் பற்றி ஒரு வருத்தம் இங்கே சொல்லியாக வேண்டும். எட்டு போல்ட்டுகள் உள்ள மூடியை நாலோடு விட்டுவைப்பதையும், மழைநீர் நுழைகிறதென்று இடுக்கில் ரப்பர் வைப்பதையும், பெயின்ட் அடிக்கும்போது அந்த வழவழப்பான விளிம்புக்கும் ஒரு கோட் பூசுவதையும் நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அது வெறும் கனமான பெட்டி. நம்பிக்கை மட்டும் பழையபடி இருக்கும்.

நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்றுண்டு. 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் இறந்தார்கள். அதன் பின்னர் 1815இல் ஹம்ஃப்ரி டேவி, சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலை போட்ட விளக்கைக் கண்டார். வலை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் சுடர் வெளியேறாது. இன்றைய பெட்டியின் இடுக்கும் அதே தத்துவம்தான். ஆனால் விளக்கு வந்த பிறகு சாவுகள் எதிர்பார்த்தபடி குறைந்துவிடவில்லை. வாயு மிகுதி என்று அதுவரை கைவிட்டிருந்த அடுக்குகளுக்குள், விளக்கு இருக்கிறதே என்று, ஆட்களை அனுப்பினார்கள்.

இந்த வேலையில் எனக்கு உண்மையில் கண் திறந்தவர், நண்பர் மேற்பார்வைக்கு அமர்த்தியிருந்த பெரியவர். முன்பு வேறொரு பூ ஆலையில் பல வருடம் இருந்தவர். இரண்டு வரைபடங்களையும் விரித்து வைத்துக்கொண்டு காய்ச்சும் கலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கலம் மூடியேதானுங்க இருக்கும். ஊறுன பூவை வெளிய அள்ளிப் போடறப்பத்தானுங்க தலை கிறுகிறுங்கும்" என்றார்.

சக்கைப் பூ! கரைப்பானை வடித்த பிறகும் பூவின் ஈரத்தில் ஹெக்சேன் தங்கியிருக்கும். நீராவி விட்டு அதை நன்றாக ஓட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். அவசரத்தில் ஓட்டாமல் திறப்பதும் உண்டு. இரண்டு வரைபடங்களிலும் அந்தக் கதவு அறைக்கு வெளிப்புறமாகத் திறந்தது. சக்கை வந்து விழும் இடம் சாதாரண விளக்கும் சாதாரண ஸ்விட்சும் உள்ள தாழ்வாரம். ஆபத்து இருக்குமிடத்தை வெளியே விட்டுவிட்டு மிச்சத்துக்கு அறை கட்டியிருந்தார்கள்.

தலை கிறுகிறுப்பு என்பது இன்னொரு செய்தியையும் சொல்கிறது. இத்தகைய அறைகளில் உணர்கருவி வழக்கமாக, பற்றும் வரம்பில் 25 சதவீதத்தை எட்டும்போதாவது எல்லாவற்றையும் நிறுத்தும். ஹெக்சேனுக்கு அது பத்து லட்சத்தில் 2,750 பங்கு. ஒருவர் ஒரு வேலைநாள் முழுக்கச் சுவாசிக்க அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் உச்ச அளவு 50 பங்கு. ஐம்பத்தைந்து மடங்கு! கருவி மௌனமாக இருக்கிறது என்பதற்குக் கட்டடம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் பொருள். ஹெக்சேன் உடலுக்குள் மாறி, கைகால் நரம்புகளை மெல்லத் தின்னும். 2009இல் சீனத்தின் சூசோ நகரில் கைப்பேசித் தொடுதிரைகளைத் துடைத்த தொழிலாளர்கள் 137 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். சாராயத்தைவிட விரைவில் உலர்கிறது என்பதற்காக அவர்களுக்கு ஹெக்சேன் கொடுக்கப்பட்டிருந்தது. அங்கே ஒன்றும் வெடிக்கவில்லை. மல்லிகை குவிந்து கிடக்கும் இடத்திலோ ஹெக்சேனின் லேசான பெட்ரோல் வாடையை எந்த மூக்கும் பிரித்தறியாது.

நண்பர் இரண்டாவது நிறுவனத்தைத் தேர்ந்தார். கொட்டகையை ஒன்றரை மீட்டர் நீட்டி, சக்கை விழும் கதவையும் உள்ளே கொண்டுவந்தார்கள். கண்ணாடிக் கதவில் மிச்சமான பணம் அந்த இடத்துக்கென்று தனி உறிஞ்சுவாய்க்குப் போயிற்று.

கரைப்பான் எதுவும் வருவதற்கு முன், வெற்று அறையில் விசிறியை ஓடவிட்டு, ஊதுபத்திக் கட்டு ஒன்றைக் கொளுத்திக் கணுக்கால் உயரத்தில் பிடித்தபடி நடந்தோம். அந்த அறைக்குள் அதன் பின் யாரும் எதையும் கொளுத்தப் போவதில்லை. புகை எங்கும் ஒழுங்காக உறிஞ்சுவாயை நோக்கி நகர்ந்தது, கலத்துக்குப் பின்னால் ஒரு மூலையைத் தவிர. அங்கே அது சுருண்டு சுருண்டு அப்படியே நின்றது. நிமிடத்துக்கு எத்தனை முறை காற்று மாறும் என்று விவரக்குறிப்பு சொல்லும் சராசரிக்கு மூலைகள் தெரியாது. பெரியவர் குனிந்து சுண்ணாம்புக் கட்டியால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். குழாய்க்காரர் இன்னொரு கிளை இழுத்து முடிக்க ஆறு நாட்களாயின. ஹெக்சேன் பீப்பாய்கள் அதற்கடுத்த வாரம்தான் வந்தன.