நான்காவது வேண்டல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைத் தடத்தில் வாழும் எங்களுக்கு 2014 நவம்பர் 1 எளிதில் மறக்கக்கூடிய நாளன்று. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை அன்றுதான் ஓய்ந்தது. அந்நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவை அவ்வாண்டு ஏப்ரலில் மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. கிராமங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கி உழைத்த இளம்பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

திருஅவையின் நாட்காட்டியில் அந்நாள் புனிதர் அனைவர் பெருவிழா. திருப்பலியில் வானவர் கீதம் பாடப்படும் நாள். இறைவனின் மாட்சியைப் புகழும் கீதம் ஒலித்த அதே நாளில் ஆலை ஓய்ந்ததை எண்ணும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொடர்கிறது: அடுத்த மாத வாடகைக்கு வழியறியாத ஒருவர் இறைமாட்சியை முதலில் வைப்பது எவ்வாறு?

ஆண்டவரைப் போற்றுங்கள், எல்லாம் சரியாகும் என்று அவரிடம் கூறிவிட்டுத் தம் வழியே செல்வோர் உண்டு. அவ்வகை ஆறுதல் எனக்கு உடன்பாடன்று. அதில் இறைவனின் மாட்சியைவிடச் சொல்பவரின் அவசரமே மிகுதி.

ஆண்டவர் கற்பித்த செபத்தை நோக்குங்கள். மத்தேயு தரும் வடிவில் தந்தையின் பெயர், அவரது ஆட்சி, அவரது திருவுளம் ஆகிய மூன்றும் முன்னே நிற்க, அன்றாட உணவு நான்காவதாக வருகிறது. நான்காவதாயினும் அது விடப்படவில்லை. பசித்தவர் தம் பசியை மறைத்துக்கொண்டு போற்றவேண்டும் என்று இச்செபம் கேட்கவில்லை. ஆனால் பசியின் அச்சம் முதலிடத்தில் அமர்ந்துவிட்டால் அதுவே நமக்குக் கடவுளாகிவிடும்; ஆலையின் வாயில் அடைபட்டதும் வானமும் அடைபட்டதாகத் தோன்றும்.

யோவான் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் இயேசுவும் தம் உள்ளக் கலக்கத்தை ஒளிக்கவில்லை. அந்த வேளையினின்று காப்பாற்றுமாறு கேட்கலாமா என எண்ணுகிறார். பின்பு தந்தையின் பெயர் மாட்சி பெறவே மன்றாடுகிறார். கலக்கம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஒரே அறையில் தங்கிய இருவருள் ஒருத்தி வேலை இழக்க, மற்றவளுக்கு ஒரகடத்தில் புதிய வேலை கிடைக்கிறது என்று கொள்வோம். முன்னவள் தோழிக்காகப் பொறாமையின்றி நன்றி கூறி, மறுநாள் தனக்குரிய பணப்பயனைக் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தின் படியேறுவாளானால், இரண்டுமே போற்றுதல்தான். உரிமை கேட்பது பக்திக்கு முரண் என்று கருதுவோர், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' மடலைப் புரட்டிப் பார்க்கலாம். நியாயமான கூலி அங்கே ஐயமின்றிப் பேசப்படுகிறது.

மூடிக் கிடந்த ஆலையை வாங்க 2019-இல் சால்காம்ப் நிறுவனம் முன்வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் அந்த நான்காவது வேண்டல், மூன்றுக்குப் பின்னரே, ஞாயிறுதோறும் எங்கள் கோயில்களில் சொல்லப்பட்டு வந்தது.