அம்மாவின் முழங்கால் பாரமானி

மழைக்கு முந்தின நாளே அம்மாவுக்கு முழங்கால் குடைய ஆரம்பித்துவிடும். "நாளைக்கு மழைதான்டா" என்பாள். அக்கா சிரிப்பாள். அதே நேரத்தில் எனக்கு ஒற்றைத் தலைவலி வருவதால் சிரிப்பு வராது.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல். காற்றழுத்தத் தாழ்வு நெருங்கினால் கொஞ்சம் இறங்கும். அப்போது மூட்டைச் சுற்றிய திசுக்கள் லேசாக விரிந்து நரம்பை உறுத்தலாம் என்கிறார்கள். ஆனால் ஆய்வுகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து ஊட்டிக்கு ஏறினால் 200-க்கு மேல் இறங்குகிறது. அங்கே அம்மா ஜம்மென்று நடந்தாள்.

அப்போ அழுத்தம் மட்டும்தானா? ஈரம், வெயில் படாத வீடு, நடக்கப் போகாத காலை, 2015 வெள்ளத்தில் மொட்டைமாடியில் கழிந்த ராத்திரி, எல்லாம் சேர்ந்துதான் வலிக்கிறது போல. காரணம் தெளிவாகும்வரை வலி காத்திருக்காது. புயல் எச்சரிக்கை வந்ததும் ஊரே பால் பாக்கெட்டுக்கு ஓடும். நான் முதலில் மருந்துக்கடைக்குப் போவேன்.