பெயரோடு புதைக்க வேண்டும்

"அடையாளம் தெரியாத ஆண் சடலம் மீட்பு." விழுப்புரம், திண்டிவனம் பக்கம் தண்டவாளத்தோரம், ஏரிக்கரை, பாழுங்கிணறு என்று இந்த நாலு வரிச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அனந்தபுரத்தில் நாமும் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் தொலைந்த பெயரைத் திரும்பப் பெற்ற உடலும் உண்டு. 1952 ஆகஸ்ட். எழும்பூரிலிருந்து நம்ம திண்டிவனம், விழுப்புரம் வழியாகப் போன போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரையில் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சொன்னவர் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன். காது குத்திய துளையையும் பல்லையும் பார்த்து மனைவி அடையாளம் காட்டினார். முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அங்கிருந்த கைரேகையும் ஒத்துப்போனது. ஆளவந்தார் என்ற பெயர் திரும்பக் கிடைத்தது. கொலை வழக்கும் தண்டனையில் முடிந்தது.

இன்று வெறும் எலும்பே மிஞ்சினாலும் கடைவாய்ப்பல்லிலிருந்தும் தொடை எலும்பிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பெற்றவர், பிள்ளை போன்ற ரத்த உறவினர் வேண்டும். காணவில்லை என்ற புகாரே இல்லாவிட்டால் ஆய்வகம் யாரோடு ஒப்பிடும்?

அதனால் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒருவர் காணாமல் போனால் மானம் போகும் என்று மூடி வைக்காதீர்கள். அன்றைக்கே காவல் நிலையம் போங்கள். மச்சம், தழும்பு, கட்டிய பல், பிளேட் வைத்த எலும்பு எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். காவல்துறையும் டி.என்.ஏ. மாதிரி எடுத்து வைக்காமல் எந்த உடலையும் அடக்கம் செய்யக் கூடாது.