கைபேசியில் கிடந்த ‘டா’

‘லவ் டுடே’ திரைப்படத்தை இருமுறை பார்த்திருக்கிறேன். 2022 நவம்பர் 4 அன்று தமிழில் வெளிவந்தபோது ஒருமுறை. அதே மாதம் 25 அன்று தில் ராஜு அதைத் தெலுங்கில் வெளியிட்டபோது இன்னொருமுறை. சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரே கதையை இரண்டு மொழிகளில் கேட்பது புதிதன்று. படம் பின்னர் இந்திக்கும் போய் 2025இல் ‘லவ்யாப்பா’ ஆயிற்று. அதை நான் பார்க்கவில்லை. பார்க்கும் ஆவலும் இல்லை.

கதை பலருக்கும் தெரிந்ததே. உத்தமனும் நிகிதாவும் காதலிக்கிறார்கள். நிகிதாவின் தந்தை வேணு சாஸ்திரி (சத்யராஜ்) அவர்களைத் திட்டவில்லை, சாதி பேசவில்லை. இருவரும் ஒருநாள் கைபேசிகளை மாற்றிக்கொள்ள வேண்டும், அதன் பிறகும் மணம்புரிய விருப்பம் இருந்தால் தமக்குத் தடையில்லை என்கிறார். பிரதீப் ரங்கநாதன் தம்முடைய ‘அப்பா லாக்’ குறும்படத்தின் கருவை விரித்து எடுத்த இந்தப் படத்தில் அரங்கம் சிரித்துக்கொண்டே இருந்தது. சிரித்தவர்களுள் நானும் ஒருத்தி.

ஆனால் படம் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: ஒருவருடைய உண்மையான முகம் அவருடைய உரையாடல் பதிவுகளுக்குள் ஒளிந்திருக்கிறது, அதை வாசித்தால் ஆளை அறிந்துவிடலாம். மொழியியல் பயின்ற எவரும் இந்த இடத்தில் சற்று நின்றுவிடுவார்கள். நாம் யாரிடமும் ஒரே மொழியில் பேசுவதில்லை. நெறியாளரிடம் ஒன்று, விடுதித் தோழியிடம் ஒன்று, தாயிடம் ஒன்று. இவற்றுள் எது ‘உண்மையானது’ என்று கேட்பதே பொருந்தாத கேள்வி. சூழலுக்கேற்ற நடைமாற்றத்தை வஞ்சகம் என்று எண்ணினால், சித்தூர்ச் சந்தையில் ஒரே மூச்சில் தெலுங்கில் விலைபேசித் தமிழில் கணக்குச் சொல்லும் கடைக்காரர் அனைவரும் வஞ்சகரே.

‘டா’ என்னும் ஓரெழுத்தையே எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி அது ஆண்பால் விளி. இன்று கல்லூரிப் பெண்கள் தமக்குள்ளேயே ‘சொல்லுடா’ என்கிறார்கள். பெற்றோர் மகளை ‘வாடா கண்ணா’ என்று அழைக்கிறார்கள். தெலுங்கில் ‘ரா’ கிட்டத்தட்ட இதே பாதையில் நடந்திருக்கிறது. மகளை ‘நான்னா’ என்று, அதாவது ‘அப்பா’ என்று, கொஞ்சுவதும் அங்கு இயல்பு. பிரவுன், கில்மன் இருவரும் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை முன்னிலைப் பெயர்களை அதிகாரம், தோழமை என்னும் இரண்டு அச்சுகளில் வைத்துப் பார்த்தது. ‘டா’ கீழ்நோக்கி வீசப்பட்டால் அதிகாரம். இருபுறமும் சமமாகப் பாய்ந்தால் தோழமை. எது எது என்பது அந்த எழுத்தில் இல்லை. பேசுவோரின் பழக்கத்தில், குரலில், நேற்று நடந்த சண்டையில் இருக்கிறது. இவை எதுவும் கைபேசித் திரையில் தெரிவதில்லை. உடன் ஆய்வு செய்யும் ஆண் ஒருவர் இரவு பதினொன்றரைக்கு ‘என்னடா, தூங்கிட்டியா?’ என்று அனுப்பிய செய்தியைச் சந்தேகத்தோடு வாசிப்பவர் அதில் காதலைக் காண்பார். அடுத்த நாள் நடக்கவிருந்த கருத்தரங்கின் படிவத்தைப் பற்றிய விசாரிப்பு அது என்பதை அறிய, பதிவை மட்டுமன்றி எங்கள் இருவரையும் அறிந்திருக்க வேண்டும்.

படத்தில் இதை நன்றாக உணர்த்துவது நாயகக் காதல் அன்று. யோகி பாபுவின் பாத்திரம். மணம் பேசி முடிந்த பெண்ணிடம் தம் கைபேசியைத் தராமல் கடைசிவரை மறைக்கிறார். நாமும் அவள் பக்கம் நின்று சந்தேகப்படுகிறோம். கடைசியில் தெரிவது, அவருடைய தோற்றத்தைப் பிறர் எள்ளிநகையாடிய செய்திகள். அவர் மறைத்தது குற்றத்தை அன்று, காயத்தை. அதேபோல், நிகிதாவின் முகத்தை ஒட்டிப் புனைந்த ஆபாசக் காணொளி பரவும் பகுதி. அந்தக் காணொளி பொய் என்பதை அவளுடைய கைபேசியை எத்தனைமுறை புரட்டினாலும் நிறுவ முடியாது. தான் முன்வைத்த சோதனை பயனற்றது என்பதைப் படமே இரண்டு இடங்களில் காட்டிவிடுகிறது. ஆயினும் வேணு சாஸ்திரியின் நிபந்தனை ஒரு ஞானியின் உபாயம்போலவே முடிவுவரை மதிக்கப்படுகிறது. இதில்தான் எனக்குப் பிணக்கு. (தொடக்கத்தில் மாங்கொட்டையைப் புதைத்துவிட்டு முளைத்ததா என்று தோண்டித் தோண்டிப் பார்க்கும் சிறுவனை வைத்தவரும் இதே இயக்குநர்தாம். மாந்தோப்பு மிகுந்த சித்தூர்க்காரர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.)

படம் வெளிவந்த பிறகு இது வெறும் திரைக்கதையாக நிற்கவில்லை. என் திருமணப் பேச்சின்போது உறவினர் ஒருவர், “நீங்களும் ஒருநாள் மாற்றிக்கொண்டு பாருங்களேன்” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாரும் என் முகத்தை மட்டும் பார்த்தார்கள், அவர் முகத்தை எவரும் பார்க்கவில்லை. நான் தர மாட்டேன் என்றேன். என்னிடம் தம் துயரங்களை எழுதிய தோழியருக்கு அவற்றை மூன்றாமவர் வாசிப்பார் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைவிட வேடிக்கை, அவர் திருப்பதித் தெலுங்கர். தமிழ் பேசினால் விளங்கும், எழுத்து தெரியாது. தந்திருந்தாலும் என் தாயின் செய்திகள் அவருக்கு வெறும் கோலங்கள். இரண்டு நாள்கள் அவர் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, “அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் நானும் தந்திருக்க மாட்டேன்” என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் எழவில்லை.

தொல்காப்பியம் மணத்துக்கு முந்தைய காதலுக்கு இட்ட பெயர் களவு. அங்கே மறைவு என்பது பொய்க்கு மறுபெயர் அன்று. இருவருக்கு மட்டும் உரிய ஓர் இடம். அதைத் தோழி அறிவாள், உரிய நேரத்தில் அறத்தொடு நிற்பாள். தாய் இறுதியாகவே அறிவாள். யார் எதை எப்போது அறிய வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கே இருந்தது. அதே நூலின் பாயிரம் தமிழ்நிலத்துக்கு வடவெல்லையாகச் சொல்லும் வேங்கடம் எங்கள் ஊர் மலை. பொருள்தேடிப் பிரியும் அகநானூற்றுத் தலைவர்கள் அதைக் கடந்து மொழிபெயர் தேயத்துக்குள் சென்றார்கள். நாங்கள் அந்த எல்லையிலேயே குடியிருக்கிறோம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகி, 1960இல் திருத்தணி தமிழகத்துக்குப் போய், 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமான பின்னும், வீட்டுக்குள் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியுமாக வாழும் பழக்கம் இங்கே மாறவில்லை.

பெண்களுக்கிடையே வழங்கும் ‘டா’வையும், தெலுங்கில் அதற்கு இணையான ‘ரா’வையும் பற்றி எல்லைப்புற ஊர்களில் தரவு திரட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள். எழுத்துவழி உரையாடல்களைவிடப் பேச்சுப் பதிவுகள் எனக்கு உதவும். சொந்தக் கைபேசியின் திரைப்படங்களை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.