முதல் பயணத்தின் கணக்கு

சிறுகோள் ஒன்றின் வயிற்றுக்குள் மூன்று பேர் நிற்கின்றனர். சுற்றிலும் பாறை. கைவசம் கொஞ்சம் உணவு இருக்கிறது. மூச்சுவிடக் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கிறது. இரண்டும் தீர்வதற்குள் அவர்கள் பாறையைக் குடைந்து, நீரைத் தேடி, ஒரு குடியிருப்பை உருவாக்கிக்கொள்ள வேண்டும். 'ஆக்சிஜன் நாட் இன்க்லூடட்' என்னும் கணினி விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. கனடாவின் வான்கூவர் நகரில் இயங்கும் க்ளை எண்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இதன் முழு வடிவத்தை வெளியிட்டது. பொம்மைப் பெட்டிகளின்மீது 'பேட்டரி சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்டிருப்பார்கள் அல்லவா? அதே கேலிதான் இந்தப் பெயரிலும் இருக்கிறது. இங்கே சேர்க்கப்படாதது மூச்சுக்காற்று.

இந்த விளையாட்டில் ராக்கெட் எளிதில் கைக்கு வருவதில்லை. சுடுவதும் துரத்துவதுமான விளையாட்டுகளில் பழகியவர்களுக்கு இதன் வேகம் முதலில் சலிப்பூட்டலாம். உணவு, கழிவறை, மின்சாரம், குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்த பிறகே மேல்நோக்கித் தோண்டும் எண்ணம் வரும். தோண்டிக்கொண்டே போனால் ஒரு நாள் பாறை முடிந்து வெளி தெரியும். அங்கே காற்று இல்லை. விண்கற்கள் மழைபோல் பொழிகின்றன. அந்த மழையைத் தாங்க எஃகுக் கதவுகள் வேண்டும்.

எஃகு செய்யும் முறை சுவையானது. 100 கிலோ எஃகுக்கு 70 கிலோ இரும்பும் 20 கிலோ கரியும் 10 கிலோ சுண்ணாம்பும் தேவை. இரும்புக்கும் கரிக்கும் அவ்வளவாகப் பஞ்சமில்லை. சுண்ணாம்புக்கு எங்கே போவது? குடியிருப்பில் வளர்க்கும் விலங்குகள் முட்டையிடுகின்றன. அந்த முட்டை ஓடுகளைப் பொடித்தால் சுண்ணாம்பு கிடைக்கும். ராக்கெட் ஏவுதளத்தின் வேலை ஒரு விதத்தில் பண்ணையில்தான் தொடங்குகிறது. பண்ணையைக் கவனிக்காமல் விட்டவர், ஏவுதளம் கட்டும் நேரத்தில் எஃகுக்குத் தவிப்பார்.

தொடக்கக் காலத்தில் கிடைக்கும் இயந்திரம் நீராவியால் இயங்குவது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியைக் குழாய்வழியே இயந்திரத்துக்குள் செலுத்த வேண்டும். வழியில் அது குளிர்ந்துவிட்டால் குழாய்க்குள்ளேயே நீராக மாறிக் குழாயை உடைத்துவிடும். அப்படியே நடந்து, தரையெல்லாம் ஈரமாகி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியவர்கள் ஏராளம்.

இயந்திரம் 900 கிலோ நீராவியைக் கொள்ளும். விளையாட்டின் அளவில் இது பெரிய தொகை அன்று. ஒரு கட்டம் நிறைய நீர் இருந்தால் அதுவே 1,000 கிலோ. ஆனால் நீரிலிருந்துதான் ஆக்சிஜனும் பிரித்தெடுக்கப்படுகிறது. ஒரு கிலோ நீரைப் பிரித்தால் 888 கிராம் ஆக்சிஜன் கிடைக்கும். ஒருவர் ஒரு வினாடிக்கு 100 கிராம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். விளையாட்டில் ஒரு நாள் என்பது 600 வினாடி. ஆக, ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 கிலோ வேண்டும். 900 கிலோ நீர் ஏறத்தாழ 800 கிலோ ஆக்சிஜனைத் தரும். எட்டுப் பேர் வாழும் குடியிருப்பு அதைக் கொண்டு ஒன்றரை நாளுக்குச் சற்றுக் கூடுதலாக மூச்சுவிடலாம். நீர் பொங்கிவரும் ஊற்று பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கு யாருக்கும் உறைக்காது. ஊற்று இல்லாமல் குளம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தால், ராக்கெட்டில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் யாரோ ஒருவரின் மூச்சுதான்.

இனி, ராக்கெட் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோ நீராவி 20 கிலோமீட்டர் தூரத்தைத் தரும். அப்படியானால் 900 கிலோவுக்கு 18,000 கிலோமீட்டர். மிக அருகில் உள்ள இலக்கு 10,000 கிலோமீட்டரில் இருக்கிறது. தாராளமாகப் போய்விடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ராக்கெட்டின் மொத்த எடைக்கேற்ப அந்தத் தூரத்தில் ஒரு பங்கு கழிக்கப்படுகிறது. எடை சற்றுக் கூடினாலும் கழிவு வேகமாக ஏறுகிறது. இயந்திரம் மட்டுமே 2,000 கிலோ. எரிபொருளாகிய நீராவிக்கும் எடை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இது விளையாட்டுக்காகப் புனைந்த தொல்லை அன்று. ரஷ்யப் பள்ளி ஆசிரியரான கான்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி 1903ஆம் ஆண்டிலேயே எடைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதி வெளியிட்டார். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் தேவைப்படுகிறது என்னும் சிக்கலை உண்மையான விண்வெளிப் பொறியாளர்கள் இன்றும் எதிர்கொள்கின்றனர். விளையாட்டின் சூத்திரம் சியோல்கோவ்ஸ்கியின் சூத்திரம் அன்று. ஆனாலும் அது தரும் தலைவலி அதே தலைவலிதான்.

அப்படியானால் முதல் பயணத்தில் எதை ஏற்றுவது? அரிய உலோகங்களை அள்ளிவர வேண்டும் என்றே எல்லாருக்கும் ஆசை. ஆனால் சரக்கு ஏற்றும் கலத்தைக் கட்டும் நுட்பம் அப்போது குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. அதைக் கற்கத் தேவையான தரவுகள் விண்வெளியில் இருக்கின்றன. அவற்றைத் திரட்டிவருவது 200 கிலோ எடையுள்ள ஆய்வுக் கலம். ஒன்று போதுமா, ஐந்து வேண்டுமா என்பதே உண்மையான கேள்வி. ஒன்றை மட்டும் பொருத்தினால் பயணம் எளிது. ஆனால் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் 900 கிலோ நீர் செலவாகும். கலங்களைக் கூட்டினால் ஒரே பயணத்தில் நிறையத் தரவு சேரும்; ஓர் எல்லைக்கு மேல் கூட்டினாலோ இலக்கையே எட்ட முடியாது. எட்டக்கூடிய அளவுக்கு ஆய்வுக் கலங்களைக் கூட்டிக்கொள்வதே சிக்கனம்.

அமெரிக்கா 1958ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் விண்ணில் செலுத்திய அதன் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1, ஏறத்தாழ 14 கிலோ எடைதான் இருந்தது. பள்ளிக்கு இரண்டு மாணவர்கள் சுமந்து செல்லும் பைகளின் எடை இருக்கும். அதில் இருந்த கருவிகளுள் ஒன்று கதிர்வீச்சை எண்ணியது. பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சுப் பட்டைகளை உலகம் அறிந்துகொண்டது அந்தச் சிறிய கருவியால்தான்.

கணக்குகளெல்லாம் ஒத்துவந்த பிறகு இன்னொரு முடிவு காத்திருக்கும்: யார் போவது? ராக்கெட் ஓட்டும் பயிற்சியும் காற்று நிரம்பிய பாதுகாப்பு உடையும் அவருக்கு வேண்டும். கெட்டிக்காரரான சமையல்காரரையே பயிற்றுவித்துவிட்டால், அவர் விண்ணில் இருக்கும் நாள்களில் அடுப்பங்கரை என்னவாகும்? சுறுசுறுப்பானவரை அனுப்பினால் கீழே வேலை தேங்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள், அதிகம் தேடப்படாத ஒருவரை முன்கூட்டியே தேர்ந்து பழக்குகின்றனர். குடியிருப்பில் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத அவரே முதல் விண்வெளி வீரராகிறார்.

ஏவும் நேரம் வருகிறது. வானைத் துழாவும் கருவி விண்கல் மழை எதுவும் நெருங்கவில்லை என்கிறது. எஃகுக் கதவுகள் திறக்கின்றன. நீராவி சீறுகிறது, ராக்கெட் திரையின் மேல்விளிம்பைத் தாண்டி மறைகிறது. கதவுகளை உடனே மூடியாக வேண்டும். அடுத்த மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். குளத்தில் நீர்மட்டம் சற்று இறங்கியிருக்கிறது. எஞ்சியவர்கள் வழக்கம்போல் தோண்டுகின்றனர், சமைக்கின்றனர், முட்டை ஓடுகளைப் பொடிக்கின்றனர். விண்வெளிக்குச் சென்றவரின் கட்டில் மட்டும் அவர் திரும்பும்வரை காலியாகக் கிடக்கிறது.