எழுதப்படாத பக்கங்கள்

பேராதனை வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதியில் பேருந்தேறி, ஒரு விடுமுறை நாளில் அவள் தோட்டத்து லயத்துக்குச் சென்றாள். கலைப்பீட மாணவி, கணினியியல் பயின்றவளல்லள். அம்மாயி பாடிய ஒப்பாரியைக் கைப்பேசியிற் பதிவு செய்துகொண்டு திரும்பியவள், லினக்ஸ் இயங்கும் தன் பழைய மடிக்கணினி வழியாக அதனைப் பென் டிரைவுக்குப் பிரதி செய்தாள். பிரதி முடிந்ததெனத் திரை அறிவித்தது. கைப்பேசியில் இடமின்மையால் மூலத்தை அழித்தாள். பென் டிரைவைப் பிடுங்கினாள். மறுநாள் பார்த்தபோது கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

திரை கூறியது பாதி உண்மை.

பணிசெயல் முறைமையின் கருவாகிய கெர்னல், கோப்புகளைப் பெரும்பாலும் 4096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாகவே நினைவகத்துக்குக் கொணர்கின்றது. வாசித்து முடிந்த பின்னரும் அவற்றை எறிவதில்லை. அதே கோப்பு மீண்டும் கேட்கப்படின், மெதுவான வட்டை நாடாது நினைவகத்திலிருந்தே கொடுத்துவிடலாமன்றோ! வெறுமனே கிடக்கும் நினைவகத்தால் யாருக்கு என்ன பயன்? வேறொரு செயலிக்கு இடம் வேண்டுமெனின், அண்மையில் நாடப்படாத பக்கங்கள் முதலிற் கைவிடப்படும். ஒருமுறை மட்டும் தொட்ட பக்கங்களையும் மீண்டும் மீண்டும் தொட்டவற்றையும் லினக்ஸ் வெவ்வேறு வரிசைகளில் வைப்பது இதற்காகவே. மூலம் வட்டில் இருப்பதால் இழப்பேதுமில்லை.

எழுதுதலின் நிலை வேறு. புதிதாக எழுதப்படுவது முதலில் நினைவகப் பக்கத்திலேயே பதிகின்றது; அப்பக்கம் ‘அழுக்கானது’ எனக் குறிக்கப்படும். பெயர் இழிவாயினும், உள்ளவற்றுள் அருமையானது அதுவே. அதன் புதிய உள்ளடக்கம் வட்டில் இன்னும் இல்லை. கெர்னல் அதனை உடனே அனுப்பிவிடுவதில்லை. வழமையான அமைப்பில் 5 வினாடிக்கொருமுறை விழித்துப் பார்த்து, 30 வினாடிக்கு மேல் காத்திருப்பவற்றை அனுப்பும். பலவற்றைச் சேர்த்து எழுதுவது சிக்கனம். ஆயின் அச்சிக்கனத்தின் இடைவெளியிலேதான் இழப்பு நேர்கின்றது. மின்கலமற்ற கணினியில் திடீரென மின்சாரம் நின்றாலும் இதே கதிதான். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுகளின்போது அதனைப் பட்டறிந்தோர் பலர். பென் டிரைவை ‘வெளியேற்று’ எனும் கட்டளை, எஞ்சிய பக்கங்கள் எழுதி முடியும்வரை நம்மைக் காத்திருக்கச் செய்கின்றது. அவள் அக்கட்டளையைக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் மடிக்கணினியுடன் மீண்டும் லயத்துக்குச் சென்றாள். அம்மாயி மறுக்காது பாடினார். ஆனால், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தம்பியைப் பற்றிய அடிகள், தலைமன்னார் செல்லும் புகையிரதத்தில் அவர் ஏறிய காட்சி, இம்முறை பாட்டில் வரவில்லை.

அவள் பதிவைப் பிரதி செய்து, வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து, பென் டிரைவின் சிறு விளக்குச் சிமிட்டி ஓயும்வரை அதனையே பார்த்திருந்தாள். பின்னரே அவ்வடிகளைப் பற்றிக் கேட்டாள்.

“அன்னைக்கு வந்திச்சு கண்ணு. இன்னைக்கு வரலையே,” என்றார் அம்மாயி.