நீட்டிய கம்பியும் நகர்த்திய மூட்டையும்

எல்ல – பசறை வீதியில், ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஆளேற்றும் ஓட்டோக்களைத் தாண்டிச் சற்று மேலே போனால் அந்த வெல்டிங் பட்டறை வருகிறது. வாசலில் இரண்டு வண்டிகள். ஒன்று தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் ட்ரெக்டர் பெட்டி. மற்றது, விடுதிக்காரர் ஒருவர் ஜீப்பில் கட்டி இழுக்கச் செய்விக்கும் கெம்பர். ஒற்றை அச்சு, மேலே கூடாரம் விரியும். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: கொக்கியில் பூட்டும் முன்கம்பியை நீட்ட வேண்டும்.

காரணங்கள் வேறு. "முடக்குல திரும்பக்குள்ள பெட்டி மூலை டயர்ல உரசுது தம்பி" என்கிறார் ட்ரெக்டர் சாரதி. கெம்பர்காரருக்கோ ஜீப்பின் பின்பக்கம் குந்துவதுதான் கவலை. கம்பி நீண்டால் கொக்கியில் விழும் பாரம் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னதில் பாதி உண்மை.

பட்டறைக்காரர் சோக்கட்டியால் சீமெந்துத் தரையிலேயே படம் போட்டார். கணக்கு இலேசாக இருக்கட்டும் என்று மொத்த எடை 1000 கிலோ என வைத்துக்கொண்டோம். அச்சிலிருந்து கொக்கிவரை இரண்டரை மீட்டர். எடையின் நடுப்புள்ளி அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால். அப்படியானால் கொக்கியில் விழும் முன்பாரம் 100 கிலோ. கம்பியை அரை மீட்டர் நீட்டி மூன்று மீட்டர் ஆக்கினால் 83 கிலோ. அரை மீட்டர் இரும்பு, ஒரு நாள் கூலி, இவ்வளவுக்கும் கிடைப்பது 17 கிலோ.

இது பெட்டியின் பக்கத்துக் கம்பியை நீட்டினால். பலர் நீட்டுவது இதையல்ல, ஜீப்பின் பின்னால் துருத்தும் கொக்கித் தண்டை. அதை நீட்டினால் முன்பாரம் குறையவே குறையாது; அந்த 100 கிலோ அப்படியே இருக்கும். ஜீப்புக்குத்தான் சுமை கூடும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டர், கொக்கி பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் என்றால், பின் சக்கரங்களில் கூடும் பாரம் 140 கிலோ. முன் சக்கரங்களிலிருந்து 40 கிலோ கழன்றுவிடும். தண்டை இன்னும் 25 சென்டிமீட்டர் நீட்டினால் பின்னால் 150, முன்னால் கழல்வது 50. குந்தலைப் போக்க வந்தவர் குந்தலைக் கூட்டிக்கொண்டு போவார். பெட்டி பக்கவாட்டில் ஆடினால் வண்டியின் வாலைப் பிடித்து ஆட்டும் நெம்பும் அதே அளவு நீள்கிறது.

கணக்கை விட்டு ட்ரெக்டரில் ஏறினேன். கொழுந்துச் சாக்கை அமுக்கிக் கட்டக் கூடாது. அமுக்கினால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும். அதனால் எடை குறைவானாலும் சுமை உயரமாக நிற்கும். உயரச் சுமை ஏற்றத்தில் பின்னால் சாய்வதால் முன்பாரம் குறையும். நடுப்புள்ளி கொக்கியைவிட 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, பத்துக்கு ஒன்று என்று மேடேறினால், நம் 100 கிலோ 76 ஆகும். இறக்கத்தில் அதே அளவு கூடும். பெட்டிக்குத் தனி பிரேக் இல்லையென்றால் இறக்கத்தில் பெட்டியே ட்ரெக்டரைத் தள்ளும்.

"ஏறக்குள்ள ட்ரெக்டர் மூஞ்சி தூக்குச்சுன்னா ஸ்டியரிங் கேக்காது ஐயா" என்றார் சாரதி. முடக்கொன்றில் நிறுத்தி இறங்கிக் காட்டினார். உட்பக்கக் கானின் விளிம்பில் மண் புதிதாகச் சரிந்திருக்கிறது. போன வாரம் இதே வழியில், கம்பி நீட்டிய இன்னொரு பெட்டியின் சக்கரம் இறங்கிய இடமாம். நீண்ட கம்பி டயரில் உரசுவதைத் தவிர்க்கும், ஆனால் பெட்டி முடக்கை இன்னும் உள்ளே அறுத்துக்கொண்டு வரும். இந்த ரோட்டில் உள்ளே கான், வெளியே பள்ளம்.

கொழுந்து மடுவத்தில் ஒரு மேடைத் தராசு இருந்தது. சாக்குகளை இறக்கிய பின் ஸ்டோருக்குப் போக வேண்டிய 50 கிலோ உர மூட்டைகள் சிலவற்றை ஏற்றியிருந்தார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, பெட்டியைக் கழற்றி, கம்பியின் முனையைக் கட்டையால் முட்டுக்கொடுத்துத் தராசில் இருத்தினோம். முனை, ட்ரெக்டரில் பூட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ எடை பொய் சொல்லும். முன் விளிம்பிலிருந்த ஒரு மூட்டையை மட்டும் ஒரு மீட்டர் பின்னே இழுத்தார் சாரதி. தராசில் சுமார் 20 கிலோ குறைந்தது. கணக்கும் அதையே சொல்கிறது: 50 கிலோ, ஒரு மீட்டர், இரண்டரையால் வகுத்தால் 20. பட்டறையில் அரை மீட்டர் இரும்பு தரும் 17 கிலோவை விட, சும்மா நகர்த்திய மூட்டை அதிகம் தந்துவிட்டது.

அதற்காக எல்லாவற்றையும் பின்னே தள்ளிவிடவும் கூடாது. முன்பாரம் ரொம்பக் குறைந்தால் வேகத்தில் பெட்டி பாம்புபோல் நெளியும். கெம்பர் இழுப்போருக்கு பிரிட்டனில் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இருக்கட்டும் என்பார்கள். அவுஸ்திரேலியாவில் 10 சதவீதம் அளவில். எதுவானாலும் வண்டிக்கும் கொக்கிக்கும் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

திரும்பி வந்து பட்டறையில் கெம்பரைப் பார்த்தேன். தண்ணீர்த் தாங்கி, எரிவாயு சிலிண்டர், மேலதிகச் சக்கரம் மூன்றுக்கும் முன்னாலேயே இடம் வைத்திருக்கிறார்கள். 60 லீட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ. தாங்கியை அச்சுக்கு மேல் கொண்டுபோனால் குந்தல் நன்றாகக் குறையும், வெல்டிங் கம்பி எரிக்கத் தேவையில்லை. பட்டறைக்காரரும் அதைத்தான் சொன்னார், கூலி போகும் என்று தெரிந்தே.

எல்லயிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சி வழியாக வெல்லவாய இறங்க நினைப்பவர்கள், தண்ணீரும் சாமானும் ஏற்றிய பிறகு, சமதரையில் ஒருமுறை முன்பாரத்தை நிறுத்துப் பாருங்கள். அந்த இறக்கத்தில் ஓரங்கட்டி மூட்டை மாற்ற இடம் கிடைப்பது கஷ்டம்.